பொம்மைக்குச் சதை வைத்த நூல்

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த பழைய சலூன் கடை வாசலில் அன்று காலை வரிசை தெருமுனை திரும்பி, மருந்துக் கடையையும் தாண்டி நின்றது. முடி வெட்டிக்கொள்ள வந்த கூட்டமல்ல. முடி வெட்டியவர் கடையைக் காலி செய்துவிட்டுப் போய் வெகு காலமாகிறது. அவர் விட்டுப்போன சுழல் நாற்காலியில் இப்போது நூலய்யா உட்கார்ந்திருந்தார்.

இளைத்த பிள்ளைக்குச் சதை வைப்பது நூலய்யாவின் தொழில். மருந்து கிடையாது, ஊசி கிடையாது, மாத்திரை கிடையாது. ஒரு வெள்ளை நூல், அவ்வளவுதான். பிள்ளையின் மேல்கையில், ஒரு விரல் நுழைகிற அளவுக்குத் தளர்வாகக் கட்டுவார்.

"தினமும் தலைக்கு ஊத்துங்க. நூல் நனையணும். நனையாத நூல் பேசாது."

நாலைந்து நாளில் நூல் கையைப் பிடித்துக்கொள்ளும். விரல் நுழையாது. என்ன அர்த்தம்? கை பெருத்துவிட்டது. கண்ணால் பார்க்கலாம், விரலை விட்டுச் சோதிக்கலாம். ஆதாரம் இல்லாமல் எதையும் நம்புகிற ஆட்கள் இல்லை நாங்கள். ஏமாறுவதென்றாலும் ஆதாரத்தோடுதான் ஏமாறுவோம்.

ஒவ்வொரு நூலையும் கட்டி முடித்ததும் நூலய்யா நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றி நிற்பார். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். அதே நாற்காலியில் உட்கார்ந்து நாங்களும் தலையைக் கொடுத்துக்கொண்டு பல தடவை சுற்றியிருக்கிறோம். எங்களில் ஒருவருக்கும் அதனால் ஒரு கிராம்கூட ஏறியதில்லை. அது யாருக்கும் நினைவுக்கு வரவில்லை.

காசு விஷயத்தில் அவர் சுத்தம். வாய் திறந்து கேட்கவே மாட்டார். பக்கத்தில் இருந்த பெட்டி கேட்கும்.

அவர் போட்டது ஒரே ஒரு கட்டளை. "ஹெல்த் சென்டர்ல சிவப்பு, மஞ்சள், பச்சைன்னு ஒரு பட்டையைக் கையில சுத்துறாங்களே, அது ஆகாது. அளக்க அளக்கப் பிள்ளை தேயும். அளந்த கையில என் நூல் நிக்காது."

இதைக் கேட்டு முதலில் தலையாட்டியவன் யார் தெரியுமா? நான். என் தொழில் என்ன தெரியுமா? டெய்லர். காலையிலிருந்து சாயங்காலம் வரை டேப்பும் கையுமாக ஊரை அளக்கிறவன். அளந்தால் தேய்வார்கள் என்றால் இந்த ஊரில் இந்நேரம் எலும்புக்கூடுகள்தான் நடமாட வேண்டும். நான் இடுப்பளந்த ஒருவரும் இளைத்ததில்லை. வருஷத்துக்கு வருஷம் பெருத்துக்கொண்டே போகிறார்கள். போன தடவை அளவெடுத்தது தப்பு என்று என்னையே திட்டுகிறார்கள். ஆனாலும் தலையாட்டினேன். ஆட்டுவதற்கு வசதியாகத்தான் தலை கழுத்தின்மேல் இருக்கிறது என்று நினைத்தேன் போலிருக்கிறது.

எனக்கு மூட நம்பிக்கை கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பூனை குறுக்கே போனால் நிற்காமல் நடப்பேன். பூனைதான் பயந்து நிற்கும். அப்படிப்பட்ட பகுத்தறிவாளன் அந்த வரிசையில் எப்படிப் போய் நின்றேன்?

தங்கையின் மகளுக்காக நின்றேன். பாப்பாவுக்கு இரண்டு வயது முடியவில்லை. அவள் அப்பா லாரி ஓட்டுகிறவர். வீட்டில் இருப்பதைவிட ரோட்டில் இருப்பது அதிகம். ஆகவே பாப்பா விஷயத்தில் பெரியவன், விவரம் தெரிந்தவன், தாய்மாமன் எல்லாம் நான்தான். ஒரு நாள் தங்கை ஹெல்த் சென்டரிலிருந்து நேராக என் கடைக்கு வந்தாள்.

"அண்ணா, சிஸ்டர் பாப்பா கையில பட்டையைச் சுத்தினாங்க. சிவப்புல நிக்குது."

"நிக்கட்டுமே. நம்ம குடும்பத்துல யாரு குண்டு? சின்ன வயசுல நீயே தையல் ஊசி மாதிரிதான் இருந்தே."

"அப்படி இல்லண்ணா. சிவப்புன்னா ஆபத்துன்னு சொல்றாங்க. பாக்கெட் குடுத்திருக்காங்க. தினமும் குடுக்கணுமாம். வாராவாரம் கூட்டிட்டு வரணுமாம்."

பாக்கெட்டைப் பிரித்து ருசி பார்த்தேன். வேர்க்கடலையை அரைத்து இனிப்புச் சேர்த்த மாதிரி ஒரு பசை. நன்றாகத்தான் இருந்தது. இன்னொரு தடவை ருசி பார்த்தேன். "இதுவா மருந்து? தின்பண்டத்தைக் குடுத்து ஏமாத்துறாங்க" என்று தீர்ப்புச் சொல்லி, மிச்சத்தையும் நானே முடித்தேன். பிள்ளைக்குச் சத்துக் குறைவு. மாமனுக்கு எதில் குறைவு என்று அப்போது யாரும் அளக்கவில்லை.

அந்த வாரமே பாப்பாவைத் தூக்கிக்கொண்டு சலூனுக்குப் போனோம். நூல் ஏறியது. நாற்காலி சுற்றியது. இறுகிய பிறகு மாற்றிக் கட்ட என்று சில நூல்களையும் கையில் கொடுத்தார். சொன்ன மாதிரியே சில நாளில் நூல் இறுகியது. தங்கை ஹெல்த் சென்டர் பக்கம் போவதை நிறுத்தினாள். பாக்கெட்டும் நின்றது. அளவு கொடுக்க வந்தவர்களிடமெல்லாம் நான் நூலய்யாவின் பெருமையைப் பேசினேன். சட்டை தைக்க வந்த பாதிப் பேர் என் கடையிலிருந்து நேராகச் சலூனுக்குப் போனார்கள். அவருடைய பெட்டி நிரம்பியதில் என் உழைப்பும் கணிசமாக உண்டு.

வராமல் நின்றுபோன பிள்ளைகளைத் தேடித் தெருத் தெருவாக நடந்த நர்ஸ், ஒரு மத்தியானம் என் கடைக்குள் நுழைந்தார். தங்கையும் பாப்பாவும் அங்கேதான் இருந்தார்கள். துணி வெட்டுகிற மேஜைமேல் பாப்பாவை உட்கார வைத்திருந்தேன். அவள் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கத்தரிக்கோலை எடுக்கவில்லை, நூல்கண்டை உருட்டவில்லை. நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"வாங்க சிஸ்டர். கன்னத்தைப் பாருங்க. உப்பிக்கிட்டு வருது. உங்க பட்டைக்கு இனி வேலை இல்ல."

நர்ஸ் கன்னத்தைப் பார்க்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பாப்பாவின் இரண்டு பாதங்களையும் கையில் எடுத்தார். இரண்டு கட்டைவிரலாலும் பாதங்களின் மேல் அழுத்தி, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு விரலை எடுத்தார். இரண்டு பாதத்திலும் ஒவ்வொரு குழி. பிசைந்த மாவில் விரல் வைத்தது போல அந்தக் குழிகள் அப்படியே நின்றன. பாப்பா அழக்கூட இல்லை.

"டெய்லரே, இது சதை இல்ல. தண்ணி. சத்து இல்லாத உடம்புல தண்ணி தேங்கும். கன்னத்துல இருக்கிறதும் அதேதான். ரெண்டு கால்லயும் இப்படிக் குழி விழுந்தா வீட்டுல வச்சுக்கக் கூடாது. பெரிய ஆஸ்பத்திரிக்கு இப்பவே போகணும்."

தங்கை நர்ஸை நம்பாமல் என்னைப் பார்த்தாள். விவரம் தெரிந்தவன் நான்தானே.

"ஆனா நூல் இறுகியிருக்கே சிஸ்டர். கை பெருத்திருக்கே" என்றாள்.

நர்ஸ் பையிலிருந்து பட்டையை எடுத்தார். தங்கை சட்டென்று பாப்பாவின் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "வேணாம். அளக்காதீங்க."

"சரிம்மா, அளக்கல." நர்ஸ் பட்டையை உள்ளே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "இந்தக் கவுனை யாரு தைச்சது?"

"நான்தான்."

"பக்கவாட்டுல புதுத் தையல் ஓடியிருக்கே."

"தோள்ல நிக்காம நழுவிச்சு. ரெண்டு பக்கமும் பிடிச்சுத் தைச்சேன்."

"எப்போ?"

"போன வாரம்."

"நூல் இறுகினது எப்போ?"

"போன வாரம்" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று என் காதில் விழுந்தது. பிள்ளை இளைத்துவிட்டாள் என்று கவுனைச் சிறிதாக்கியவனும் நான்தான். அதே வாரத்தில், அதே மேஜையில், பிள்ளை பெருத்துவிட்டாள் என்று ஊருக்கெல்லாம் சொன்னவனும் நான்தான். என் கைக்குத் தெரிந்த விஷயம் என் தலைக்குத் தெரிய ஒரு வாரம் பிடித்திருக்கிறது. அதுவும் நர்ஸ் வந்து கேட்டதால்.

"மிச்ச நூல் இருக்கா?" என்றார் நர்ஸ். கொடுத்தேன். கடை முகப்பில் சின்னப் பிள்ளைச் சட்டையை மாட்டி நிறுத்தியிருந்த பிளாஸ்டிக் பொம்மையின் கையில் அதைத் தளர்வாகக் கட்டினார். தங்கையின் விரலைப் பிடித்து நூலுக்கு உள்ளே விட்டுக் காட்டினார். தாராளமாக நுழைந்தது. இஸ்திரி போடும்போது துணியில் தெளிக்கிற தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து நூலை நன்றாக நனைத்தார்.

கொஞ்சம் பொறுத்து, "குளியல்ல நாலைஞ்சு நாளா நனையுறது இங்க ஒரேயடியா நனைஞ்சிருக்கு. இப்ப விரலை விடும்மா" என்றார்.

தங்கை விட்டுப் பார்த்தாள். நுழையவில்லை. நகத்தைக் கொடுத்துப் பார்த்தாள். அதுவும் நுழையவில்லை. பொம்மையின் கையையும் பாப்பாவின் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எந்த டேப்பாலும் அளக்க முடியாது.

பருத்தித் துணி கொண்டுவருகிற ஒவ்வொருவரிடமும் "நனைச்சுக் காயப்போட்டுக் கொண்டாங்க, இல்லாட்டி தைச்ச பிறகு சுருங்கும்" என்று சொல்லிச் சொல்லியே தொண்டை வறண்டவன் நான். துணி சுருங்கும், நூல் மட்டும் பேசும். அப்படித்தான் இருந்திருக்கிறது என் ஞானம்.

ஆட்டோ வந்தது. ஏறும்போது நர்ஸ் தங்கையிடம் சொன்னார்: "அங்க போனதும் முதல்ல இன்னும் இளைப்பா. பயந்துடாத. தேங்கின தண்ணி வடியுது, அவ்வளவுதான். அதுக்கப்புறம் பசிக்கும். பசிச்சு அழுதாள்னா பிழைச்சுக்கிட்டாள்னு அர்த்தம்."

ஆஸ்பத்திரியில் சாப்பாட்டை அள்ளிப் புகட்டவில்லை. மருந்து மாதிரி, கொஞ்சங் கொஞ்சமாக, கப்பில் பால் கொடுத்தார்கள். பாப்பா அதையும் விழுங்கவில்லை. மூக்கு வழியாகக் குழாய் வைத்தார்கள். வீக்கம் வடிந்தது. கன்னம் போனது. கீழே என்ன இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. விலா எலும்பு எத்தனை என்று எட்ட நின்றே எண்ணலாம் போல இருந்தது. கட்டிலில் கிடந்தது பாப்பாவா, அவளுடைய நிழலா என்று தெரியவில்லை.

நர்ஸ் முன்கூட்டியே சொல்லியிருந்தார். நானும் காதால் கேட்டிருந்தேன். இருந்தாலும் என்ன சொன்னேன் தெரியுமா?

"ஏம்மா, இங்க வந்துதான் ரொம்ப இளைச்சிட்டா. ஒரு எட்டு நூலய்யாகிட்டயும் கேட்டுப் பாத்தா என்ன?"

தங்கை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அண்ணா, நீ கடையைத் திற. இங்க நான் பாத்துக்கறேன்" என்றாள். அன்றோடு விவரம் தெரிந்தவன் என்ற உத்தியோகம் எனக்குப் போயிற்று.

மறுபடி நான் போனபோது வார்டு வாசலிலேயே ஒரு அழுகை கேட்டது. கப்பை வாயிலிருந்து எடுத்ததற்காகப் பாப்பா கத்திக்கொண்டிருந்தாள். கப்பைப் பிடிக்கக் கையை நீட்டி, கிடைக்காமல், தங்கையின் கன்னத்தில் ஒன்று வைத்தாள். தங்கை அடி வாங்கிக்கொண்டு அழுதுகொண்டே சிரித்தாள். லாரியை எங்கேயோ நிறுத்திவிட்டு வந்த மச்சான், "அடிக்கிறாப்பா, அடிக்கிறாப்பா" என்று பக்கத்துக் கட்டில்காரர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் அங்கிருந்து நேராகக் கடைக்குப் போனேன். பொம்மையைத் தூக்கி அக்குளில் வைத்துக்கொண்டு சலூனை நோக்கி நடந்தேன். மோசடியை ஊரறிய உடைக்கப் போகிற வீரன். வழியில் இரண்டு நாய்கள் குரைத்தன.

வரிசை அப்படியே நின்றது. பொம்மையை நடுவில் நிறுத்தினேன். மீதியிருந்த நூலை அதன் கையில் கட்டினேன். ஆட்டோக்காரர் ஒருவர் மகனைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நின்றார். அவர் விரலை உள்ளே விட்டுக் காட்டச் சொன்னேன். நுழைந்தது. பாட்டில் தண்ணீரை ஊற்றினேன். காத்திருந்தோம். மறுபடி விடச் சொன்னேன்.

"போகல" என்றார் ஆட்டோக்காரர்.

"எல்லாரும் பாத்துக்கிட்டீங்களா?" என்றேன். கைதட்டலுக்காக ஒரு நொடி நிறுத்தினேன் என்பதையும் மறைக்கவில்லை.

இடுப்பில் பேரனும் கையில் பழக்கூடையுமாக வரிசையில் நின்ற பழக்கடைக்கார அம்மா மெதுவாகச் சொன்னார்:

"பொம்மைக்கே சதை வச்சிடுச்சு."

"பிளாஸ்டிக்குக்கே பிடிக்குதுன்னா..." என்றார் இன்னொருவர்.

அவ்வளவுதான். பின்னால் நின்றவர்கள் முன்னால் பாய்ந்தார்கள். மருந்துக் கடை வாசலில் மருந்து வாங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட வரிசைக்கு வந்துவிட்டார்கள். என்னைக் கண்டதும் முகம் வெளுத்துப்போயிருந்த நூலய்யாவுக்கு ரத்தம் திரும்பியது. "பாத்தீங்களா? உயிரில்லாததுக்கே இப்படி" என்று நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினார்.

"ஐயா, பொம்மை போட்டிருக்கிற சட்டையைப் பாருங்கய்யா. சட்டைக் கை அப்படியே தொளதொளன்னுதானே இருக்கு? கை பெருத்தா இது பிடிக்கணும்ல?" என்று கத்தினேன்.

"அது உள்சதை தம்பி. மொதல்ல உள்ள வைக்கும், அப்புறம்தான் வெளிய" என்று ஒரு பெரியவர் எனக்கு விளக்கினார்.

கூட்டத்தை இரண்டு மடங்காக்கிய பெருமையோடு நான் பொம்மையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் தங்கை வந்தாள். மச்சானைப் பாப்பாவுக்குத் துணையாக வைத்துவிட்டு, மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்குப் போகிற வழி. கலைந்த தலை, கையில் ஆஸ்பத்திரிப் பை. வரிசையில் நிற்காமல் நேராக நாற்காலிக்கு முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, ஒண்ணு கேக்கணும். தண்ணி ஊத்தாம ஒரு பிள்ளைக்குக் கட்டுங்க. நனையாமலே நூல் இறுகட்டும். இறுகிடுச்சுன்னா எம் பொண்ணை ஆஸ்பத்திரியில இருந்து தூக்கிட்டு வந்து இங்கேயே போடறேன்."

"நனையாத நூல் பேசாதுன்னு சொல்லியிருக்கேனே."

"ஏன் பேசாது?"

"கேள்வி கேக்கிற வீட்டுல நூல் நிக்காது. போம்மா வெளிய."

"கை வளந்தா நூல் காஞ்சிருந்தாலும் இறுகணும்ல. கை வளரலன்னா நனைச்சாத்தான் இறுகும். எது நடக்குதுன்னு கேக்கறேன். கேட்டா ஏன் கோவப்படறீங்க?"

நூலய்யா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "அபசகுனம், வெளிய போ" என்று கத்தினார். நாங்கள் அவர் குரலை அந்த அளவில் கேட்டதே இல்லை.

தங்கை அவரை விட்டுவிட்டு வரிசையைப் பார்த்துத் திரும்பினாள். "யாரும் என்னை நம்ப வேணாம். உங்க பிள்ளைங்க ரெண்டு காலையும் கட்டைவிரலால அமுக்கிப் பிடிச்சுட்டு விடுங்க. குழி விழுதான்னு மட்டும் பாருங்க. எம் பொண்ணுக்கு விழுந்துச்சு. நான் சதைன்னு நெனச்சேன்."

முதலில் ஆட்டோக்காரர் மகனைத் தோளிலிருந்து இறக்கி, குனிந்து அவன் பாதங்களை அழுத்தினார். ஒன்றும் இல்லை. அடுத்தடுத்துக் குனிந்தார்கள். பழக்கடைக்கார அம்மா குனிந்து, நிமிர்ந்து, மறுபடி குனிந்தார். அவருடைய பேரனின் பாதங்களில் இரண்டு குழிகள் இருந்தன. பழக்கூடையை அங்கேயே போட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். "அம்மா, நில்லுங்க, வண்டியில ஏறுங்க" என்று ஆட்டோக்காரர் பின்னாலேயே ஓடினார்.

பொம்மைக்குச் சதை வைத்ததில் புல்லரித்த கூட்டம் அந்தக் குழியைப் பார்த்த பிறகு கலைந்தது. கலைகிற நெரிசலில் யாரோ கடையின் உள்திரையைப் பிடித்து இழுத்துவிட்டார்கள். பின்னறையில் கஞ்சியில் தோய்த்த முறுக்கு நூல்கள், நுனியில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, விறைப்பாகக் காய்ந்துகொண்டிருந்தன. இழுத்துக் காயவைத்த நூல் தண்ணீர் பட்டதும் தன் பழைய நீளத்துக்குப் போகும் என்று நான் எல்லோருக்கும் விளக்கினேன். டெய்லர் அல்லவா. எல்லாம் முடிந்த பிறகு எனக்கு எல்லாமே நன்றாகத் தெரியும்.

பெட்டியை எடுத்துக்கொண்டு நூலய்யா கிளம்பும்போது எங்களைப் பார்த்து, "யாரையாவது நான் கையைப் பிடிச்சு இழுத்தேனா? நீங்களாத்தானே வந்தீங்க" என்று கேட்டார். அவர் இந்த ஊரில் பேசிய ஒரே உண்மை அதுதான். அதற்குக் காசு வாங்கவில்லை.

பாப்பா வீடு திரும்பினாள். பழக்கடைக்கார அம்மாவின் பேரனும் பிழைத்தான். இப்போது வாராவாரம் ஹெல்த் சென்டருக்குத் துணைக்குப் போகிறேன். பாக்கெட்டை என் கையில் கொடுக்கக் கூடாது என்று தங்கை உத்தரவு. போன தடவை பாப்பாவுக்குப் பட்டை மஞ்சளில் நின்றது.

அன்று பக்கத்தில் காத்திருந்த ஒரு தகப்பன் என் காதோரம் வந்து கேட்டார்: "அண்ணே, இந்தப் பட்டையை எல்லாருக்கும் இடது கையிலதான் சுத்துறாங்க, கவனிச்சீங்களா? அதுல என்னமோ இருக்கு. எந்த நேரத்துல சுத்தினா பச்சை விழும்?"

"சிஸ்டரையே கேளுங்க."

"கோவிச்சுக்க மாட்டாங்களா?"

"கேட்டுத்தான் பாருங்களேன்."

பயந்துகொண்டே கேட்டார். பட்டையைச் சுற்றிக்கொண்டே நர்ஸ் சொன்னார்: "எல்லாப் பிள்ளைக்கும், எல்லாத் தடவையும் ஒரே கையில அளந்தாத்தான் ஒத்துப் பாக்க முடியும். வேற ஒண்ணுமில்ல. பச்சை நேரத்தால விழாது, சாப்பாட்டால விழும். வேற ஏதாவது சந்தேகம் இருக்கா?"

அவர் முகம் வாடிவிட்டது. ரகசியம் ஒன்றும் இல்லையே.

ரகசியம் இல்லைதான். அதனால்தான் அங்கே பிள்ளை பிழைக்கிறது. நூல் கட்டுகிறவரோ, ஊசி போடுகிறவரோ, சட்டை தைக்கிறவரோ, யாராக இருந்தாலும் பிள்ளையின் கையை நீட்டுவதற்கு முன்னால் "ஏன்" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பதில் வந்தால் உட்காருங்கள். கோபம் வந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.